மலேரியா ஒட்டுண்ணியின் புரதங்களும் மனித நிர்ப்பீடனமும்: ஒரு வரலாற்று நோக்கு

இலக்கிய ஆய்வைத் தம் துறையாகக் கொண்டோர் ஒட்டுண்ணி ஒன்றின் புரதங்களைப் பற்றி எழுத முற்படுவது வாசகர் சிலருக்கு வியப்பளித்தல் கூடும். விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லுதல் விஞ்ஞானிகளுக்கு மாத்திரம் உரிய கடன் அன்று என்பது எமது கருத்து. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த சாமுவேல் கிறீன், மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவருக்குக் கற்பித்த வரலாறு நமக்கு உண்டு. அன்றியும், நோய் என்பது உடலில் நிகழ்வதாயினும் அதன் காரணங்கள் உடலுக்குள் அடங்கிவிடுவதில்லை. குலைப்பன் காய்ச்சல் என நம் முன்னோர் அஞ்சிய மலேரியா இதற்குத் தக்க சான்றாகும்.

இக்கட்டுரை இரு வினாக்களை எடுத்துக்கொள்கின்றது. மலேரியா ஒட்டுண்ணியின் எப்புரதங்கள் மனித உடலின் எதிர்ப்பைத் தூண்டுகின்றன? அவ்வெதிர்ப்பு எக்காரணத்தால் முழுமை பெறாது போகின்றது? இவற்றுக்கு விடை காண முயலுமிடத்து மூன்றாவது வினாவொன்று தானாகவே எழுகின்றது: ஒரு மக்கட்கூட்டம் பெற்றுள்ள நிர்ப்பீடனத்துக்கு விலை கொடுத்தோர் யாவர்?

1. சொல்லும் பொருளும்

நிர்ப்பீடனம் என்னும் சொல் பீடிக்கப்படாத நிலை எனப் பொருள்படும். ஐரோப்பிய மொழிகளில் இக்கருத்தைக் குறிக்கும் சொல்லின் இலத்தீன் மூலமோ வரியிலிருந்தும் பொதுக்கடமைகளிலிருந்தும் விலக்குப் பெற்றவனைச் சுட்டியது. ஒரு சொல் அரசியற் சலுகையைக் குறித்து, நூற்றாண்டுகள் கழிந்தபின் மருத்துவத்துட் புகுந்தமை சொற்பொருள் வரலாற்றில் நோக்கத்தக்கது. எனினும் தமிழ்ச் சொல்லும் இலத்தீன் மூலமும் மலேரியாவைப் பொறுத்தவரையில் நம்மைத் தவறான வழியில் இட்டுச் செல்லக்கூடியன. சின்னமுத்து ஒருமுறை கண்டவருக்குப் பெரும்பாலும் மறுமுறை காண்பதில்லை. மலேரியாவோ மீண்டும் மீண்டும் வரும். நோய் மிகுந்த பிரதேசத்தில் வளர்ந்து முதிர்ந்தவரின் குருதியில் ஒட்டுண்ணி இருக்கும், காய்ச்சல் இராது. அவர் பீடிக்கப்படாதவர் அல்லர். பீடிப்புடன் வாழப் பழகியவர். அப்பிரதேசத்தை விட்டு அவர் நெடுங்காலம் நீங்கியிருப்பாராயின் அக்காப்பும் தேய்ந்துபோகும். விலக்கு என இதனைக் கூறுவதாயின், இளமையில் வரி முழுவதையும் செலுத்திய பின்னர், தவணைதோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய விலக்கு எனவே கூறல் வேண்டும்.

2. குடியேற்றவாதத்தின் வாசிப்பு

அல்போன்ஸ் லவெரன் 1880 இல் அல்ஜீரியாவில் மனிதக் குருதியில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். ரொனால்ட் றொஸ் 1897 இல் செகந்திராபாத்தில் நுளம்பின் உடலில் அதனை இனங்கண்டார். இவற்றைத் தொடர்ந்து, அன்று ஜேர்மன் குடியேற்றமாயிருந்த நியூகினிப் பகுதியில் 1899–1900 காலப்பகுதியில் ரொபேட் கொக் மக்களின் குருதியைப் பரிசோதித்தார். நோய் மிகுந்த கிராமங்களிற் சிறுவரின் குருதியில் ஒட்டுண்ணி நிறைந்திருந்தது. வளர்ந்தோரின் குருதியில் அது காணப்படவில்லை. ஆகவே வளர்ந்தோரின் காப்பு பிறப்பொடு வந்ததன்று, இளமையில் நோயுற்றுப் பெற்றது என்னும் முடிவு பெறப்பட்டது.

இம்முடிவு சுதேசிகளின் உடல் இயல்பாகவே மலேரியாவைத் தாங்கும் என்ற இனவாதக் கருத்தைத் தகர்த்திருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. 1900 இல் மேற்காபிரிக்காவில் ஆராய்ந்த ஸ்டீபன்ஸ், கிறிஸ்தோபர்ஸ் ஆகிய இரு பிரித்தானிய மருத்துவர், ஆபிரிக்கச் சிறுவரின் குருதியே நோயின் ஊற்று எனக் கண்டு, ஐரோப்பியர் அவர்களிடமிருந்து விலகி வாழ வேண்டுமென விதந்துரைத்தனர். சியெரா லியோனின் தலைநகரான பிறீரவுனுக்கு மேலே மலையில், ஐரோப்பியருக்கென மாத்திரம் 1904 இல் குடியிருப்பொன்று அமைந்தது. அதற்கென இரயில்பாதையும் இடப்பட்டது. சிறுவரின் குருதியில் ஒட்டுண்ணி உண்டு என்னும் ஒரே உண்மையிலிருந்து இரு முடிவுகள் பிறக்கலாம்: ஒன்று, அச்சிறுவருக்கு மருந்தளித்தல், மற்றையது, அவர்களிடமிருந்து அகன்று வீடமைத்தல். எம்முடிவு தெரிவு செய்யப்படும் என்பதை நுணுக்குக்காட்டி தீர்மானிப்பதில்லை. சமூக உறவுகளே தீர்மானிக்கின்றன.

வளர்ந்தோரின் காப்பு குருதியில் எப்பொருளில் உறைகின்றது என்பது 1961 இல் வெளிப்பட்டது. கோஹன், மக்றெகர், கரிங்ரன் ஆகியோர் கம்பியா நாட்டில், நோயெதிர்ப்பு மிக்க வளர்ந்தோரின் குருதியிலிருந்து பிறபொருளெதிரிகள் அடங்கிய காமா குளோபியூலின் பகுதியைப் பிரித்தெடுத்து, மலேரியாவால் நலிந்த குழந்தைகளுக்கு ஏற்றினர். சில நாள்களுள் குழந்தைகளின் குருதியில் ஒட்டுண்ணியின் தொகை பெருமளவு வீழ்ந்தது. பல்லாண்டுக் காலம் நோயுற்றுப் பெறப்பட்ட அநுபவம் ஒரு புட்டியில் அடங்கக்கூடிய பொருளாக உடலில் இருக்கின்றது என்பதை இப்பரிசோதனை காட்டிற்று. அப்பொருள் ஒட்டுண்ணியில் எதனை அடையாளங் காண்கின்றது என்பதே அதனைத் தொடர்ந்த வினா.

3. ஒட்டுண்ணியின் வடிவங்கள்

பிறபொருளெதிரி என்பது உடல் ஆக்கும் ஒரு புரதம். அந்நியப் பொருளொன்றின் மேற்பரப்பிலுள்ள குறித்த ஒரு வடிவத்துடன் அது பொருந்திப் பிணைகின்றது. அவ்வாறு எதிர்ப்பைத் தூண்டும் பொருள் பிறபொருளெதிரியாக்கி எனப்படும். மலேரியாவில் இது பெரும்பாலும் ஒட்டுண்ணியின் புரதமே. பிறபொருளெதிரிகள் கலங்களுக்கு வெளியே இயங்குவன. கலத்துள் மறைந்துள்ள எதிரியை அடையாளங் காண்பவை ரி நிணநீர்க்குழியங்கள்.

இவ்வொட்டுண்ணியை எதிர்த்தல் கடினமாயிருப்பதற்கு முதற்காரணம், அது ஓருருவில் நில்லாமையே. மனிதருக்கு மிகக் கொடியதான பிளாஸ்மோடியம் பல்சிப்பாரத்தை எடுத்துக்கொள்வோம். அனோபிலிஸ் நுளம்பு கடிக்கையில் ஸ்போரோசோயிற்று எனப்படும் நுண்ணிய வடிவங்கள் தோலுட் செலுத்தப்படுகின்றன. அவை விரைவில் ஈரலை அடைந்து அங்குள்ள கலங்களுட் புகுகின்றன. ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மெரோசோயிற்றுகளாகப் பெருகிக் குருதியில் இறங்குகின்றது. மெரோசோயிற்று செங்குழியத்துட் புகுந்து 48 மணி நேரத்திற் பெருகி, அதனை வெடித்து வெளிப்பட்டு, வேறு செங்குழியங்களைத் தேடுகின்றது. முறைவைத்து வரும் காய்ச்சலுக்கு இவ்வெடிப்பே காரணம் என்பதை இத்தாலியரான கமிலோ கொல்கி 1886 அளவிலேயே உணர்த்தினார். சில ஒட்டுண்ணிகள் ஆண், பெண் வடிவங்களாகி அடுத்த நுளம்புக்காகக் குருதியிற் காத்திருக்கின்றன. 2002 இல் இவ்வொட்டுண்ணியின் பரம்பரையலகுத் தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டபோது, அதில் 5,000க்கு மேற்பட்ட பரம்பரையலகுகள் இருத்தல் தெரியவந்தது. ஒவ்வொரு வடிவமும் தனக்கேயுரிய புரதங்களை அணிகின்றது. ஈரலில் நுழைந்த வடிவத்துக்கு எதிராக உடல் கற்ற பாடம் செங்குழியத்தில் நுழையும் வடிவத்துக்கு உதவுவதில்லை.

4. நுளம்பு கொணரும் வடிவத்தின் மேலாடை

ஸ்போரோசோயிற்றின் மேற்பரப்பு முழுவதையும் ஒரு புரதம் போர்த்திருக்கின்றது. ஆய்வாளர் இதனைச் சி.எஸ்.பி. எனச் சுருக்கமாக வழங்குவர். இதன் நடுப்பகுதியில் அஸ்பரஜின், அலனின், அஸ்பரஜின், புறோலின் என்னும் நான்கு அமினோ அமிலங்களின் தொடர் ஏறத்தாழ 40 தடவை திரும்பத் திரும்ப வருகின்றது. பாடலொன்றின் பல்லவி செவியிற் படிவதுபோல இத்தொடர் நிர்ப்பீடனத் தொகுதியின் கவனத்தைத் தன்பால் ஈர்க்கின்றது. பிறபொருளெதிரிகளுட் பெரும்பாலானவை இப்பகுதிக்கு எதிராகவே தோன்றுகின்றன.

நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் ரூத் நுசென்ஸ்வைக் 1967 இல் வெளியிட்ட ஆய்வே இத்துறைக்கு அடித்தளம். எக்ஸ் கதிரால் வலுக்குன்றச் செய்யப்பட்ட ஸ்போரோசோயிற்றுகளை எலிகளுக்குச் செலுத்தியபோது, பின்னர் செலுத்தப்பட்ட வலுவுள்ள ஸ்போரோசோயிற்றுகளிடமிருந்து அவை காப்புப் பெற்றன. கதிரூட்டப்பட்ட நுளம்புகள் கடித்த மனிதரும் அத்தகைய காப்புப் பெறுதல் 1973 இற் காட்டப்பட்டது. அவ்வெதிர்ப்பின் முதன்மை இலக்கு சி.எஸ்.பி. என்பது 1980 களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று. பல்சிப்பாரத்தில் அதன் பரம்பரையலகு 1984 இல் இனங்காணப்பட்டது.

இயற்கையாக நோயுறுவோர் மாத்திரம் இப்புரதத்துக்கு எதிராக வலுவான காப்பினைப் பெறாதது ஏன்? ஒரு நுளம்பு செலுத்தும் ஸ்போரோசோயிற்றுகள் மிகச் சில. அவை குருதியில் இருக்கும் நேரமும் மிகக் குறுகியது. உடல் கற்றுக்கொள்ளுமுன் ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியேறிவிடுகின்றார் எனலாம். தடுப்பூசி அவ்வாசிரியரை நெடுநேரம் வகுப்பில் நிறுத்திவைக்கும் முயற்சியாகும்.

5. செங்குழியத்தின் வாயிலில்

மெரோசோயிற்றின் மேற்பரப்பில் மிகுதியாகக் காணப்படுவது எம்.எஸ்.பி.-1 என்னும் புரதம். செங்குழியத்துட் புகும் வேளையில் இதன் பெரும்பகுதி வெட்டப்பட்டு வெளியே விடப்படுகின்றது. சிறு துண்டொன்றே உட்செல்கின்றது. வாயிலிற் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைவோரைப் போன்றது இச்செயல். குருதியில் மிதக்கும் கழிந்த துண்டுகளும் பிறபொருளெதிரிகளைத் தம்பால் ஈர்க்க வல்லன. இப்புரதத்தை ஆதாரமாகக் கொண்டு ஆக்கப்பட்ட தடுப்பூசியொன்று கென்யாவிற் சிறுவரிடையே பரிசோதிக்கப்பட்டு, காப்பளிக்கவில்லை என 2009 இல் அறிவிக்கப்பட்டது.

ஏ.எம்.ஏ.-1 என்னும் மற்றொரு புரதத்தின் வரலாறு இன்னும் அறிவூட்டுவது. மாலி நாட்டின் பண்டியாகராவில் மாத்திரம் இப்புரதம் 200க்கு மேற்பட்ட வேறுபாடுகளுடன் காணப்பட்டது. அந்நாட்டுச் சிறுவரிடையே நடைபெற்ற பரிசோதனையின் பெறுபேறு 2011 இல் வெளிவந்தது. மொத்தத்தில் குறிப்பிடத்தக்க காப்பு இல்லை. ஆயின் தடுப்பூசியிலிருந்த புரதத்தை ஒத்த புரதத்தையுடைய ஒட்டுண்ணிகளுக்கு எதிராக 64 சதவீதக் காப்பு இருந்தது. உடல் பாடத்தைச் சரிவரக் கற்றது, வினாத்தாளோ வேறாயிருந்தது.

இவற்றிலிருந்து ஒரு பொதுமுடிவு பெறப்படுகின்றது. உடலின் கண்ணுக்கு எளிதிற் புலப்படும் புரதங்களே மிகுதியாக எதிர்ப்பைத் தூண்டுகின்றன. அவ்வெதிர்ப்பின் அழுத்தத்தினாலேயே அவை தலைமுறை தலைமுறையாக வேறுபடுகின்றன. மாறவியலாத புரதங்களோ மறைவில் இருக்கின்றன. ஆர்.எச்.-5 என்னும் புரதம் இதற்கு எடுத்துக்காட்டு. செங்குழியத்தின் மேலுள்ள பாசிஜின் என்னும் மூலக்கூறுடன் இது பிணையாவிடின் பல்சிப்பாரம் செங்குழியத்துட் புகவியலாது என்பது 2011 இல் அறியப்பட்டது. இன்றியமையாததாகையால் இது பெரிதும் மாறுவதில்லை. எனினும் புகும் கணத்தில் மாத்திரமே வெளிப்படுவதால் இயற்கையான நோய்த்தொற்றில் இதற்கெதிரான பிறபொருளெதிரிகள் குறைவாகவே தோன்றுகின்றன. இதனை அடிப்படையாகக் கொண்ட தடுப்பூசி புர்க்கினா பாசோவில் ஏறத்தாழ 55 சதவீதக் காப்பளித்ததாக 2024 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. தோற்றத்தையும் சாரத்தையும் வேறுபிரித்தறிதலே விஞ்ஞானத்தின் பணி என்பதை இலக்கிய மாணவராகிய நாம் வேறொரு துறையிற் கற்றோம். இங்கும் அதுவே மெய்யாகின்றது.

6. மறைதலும் வெளிப்படுதலும்

செங்குழியத்துள் இருக்கும் ஒட்டுண்ணி பிறபொருளெதிரிகளுக்கு எட்டாதது. ஆயினும் அதற்கு ஓர் அபாயம் உண்டு. உருக்குலைந்த செங்குழியங்களை மண்ணீரல் வடித்தெடுத்து அழித்துவிடும். மண்ணீரலுக்குச் செல்லாதிருப்பதற்காக ஒட்டுண்ணி தன் புரதமொன்றைச் செங்குழியத்தின் மென்சவ்வுக்கு அனுப்பி, அங்கு சிறு புடைப்புகளில் நிறுத்துகின்றது. பி.எவ்.ஈ.எம்.பி.-1 எனப்படும் இப்புரதம் சிறு குருதிக்கலன்களின் உட்சுவரைப் பற்றிக்கொள்கின்றது. மூளையின் குருதிக்கலன்கள் இவ்வாறு அடைபடுதல் உயிருக்கு ஆபத்தான மூளை மலேரியாவுக்கு முக்கிய காரணங்களுள் ஒன்று.

இங்கு ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. மண்ணீரலிடமிருந்து மறைய வேண்டுமாயின் புரதத்தை வெளியே நீட்டல் வேண்டும். நீட்டினாற் பிறபொருளெதிரிகளின் கண்ணிற்படும். ஒட்டுண்ணி இம்முரண்பாட்டை நீக்குவதில்லை, அதனோடு இயங்குகின்றது. இப்புரதத்துக்கென அதனிடம் ஏறத்தாழ 60 பரம்பரையலகுகள் உள்ளன. ஒருவேளையில் ஒன்றே தொழிற்படும். உடல் அதனை அடையாளங் கண்டு பெரும்பான்மையான ஒட்டுண்ணிகளை அழிக்கையில், வேறொன்றை அணிந்த சில எஞ்சிப் பெருகுகின்றன. இப்பரம்பரையலகுக் குடும்பம் 1995 இல் வெளிப்படுத்தப்பட்டது. ஒரு பிள்ளை எவ்வடிவங்களுக்கு எதிராகப் பிறபொருளெதிரி பெற்றிருக்கவில்லையோ அவ்வடிவங்களே அப்பிள்ளையை நோயுறச் செய்கின்றன என்பதைக் கென்யாவின் கிலிபியில் நடைபெற்ற ஆய்வு 1998 இற் காட்டியது. வளர்ந்தோரின் நிர்ப்பீடனம் என நாம் அழைப்பது, இவ்வாறு ஒவ்வொரு காய்ச்சலிலும் ஒரு வடிவமாகச் சேர்க்கப்பட்ட தொகுப்பு ஆகும். தொகுப்பு நிறைவுறுமுன் இறந்த பிள்ளைகள் கணக்கில் வருவதில்லை. உயிர்பிழைத்தோரின் குருதியை மாத்திரம் நோக்கி, இம்மக்கள் வலியவர் எனக் கூறுவது இறந்தோரை வரலாற்றிலிருந்து நீக்குவதாகும்.

இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. வளர்ந்து நிர்ப்பீடனம் பெற்ற பெண்ணும் முதற் கருவுறும்போது மீண்டும் கடும் மலேரியாவுக்கு உள்ளாகின்றாள் என்பது மருத்துவர் நெடுங்காலமாக அறிந்த செய்தி. சூல்வித்தகத்தில் தங்கும் ஒட்டுண்ணிகள் அங்குள்ள கொண்ட்ரோயிற்றின் சல்பேற்று ஏ என்னும் பொருளைப் பற்றுகின்றன என்பது 1996 இல் வெளிவந்த ஆய்வாற் புலனாயிற்று. வார்-2 சி.எஸ்.ஏ. எனப்படும் புரதமே அவ்வாறு பற்றுவது. சூல்வித்தகம் என்னும் புதிய உறுப்பு தோன்றியதும் ஒட்டுண்ணி அவளது பழைய பிறபொருளெதிரிகள் அறியாத புதிய வடிவத்தை அணிகின்றது. முதற் குழந்தை எடை குறைந்து பிறக்கின்றது. சிலவேளை பிறவாமலே போகின்றது. பின்வரும் கருப்பங்களில் தாய் அப்புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகளைப் பெற்றுவிடுகின்றாள். இரண்டாம், மூன்றாம் பிள்ளைகளின் காப்புக்குத் தலைப்பிள்ளை வரி செலுத்தியது என்பதே இதன் பொருள்.

7. பிறர்க்கு உதவும் எதிர்ப்பு

இதுவரை கூறியவை ஒருவரின் உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் வகைகள். இவற்றின் வேறானதொரு வகையும் உண்டு. ஆண், பெண் வடிவங்களின் மேலுள்ள சில புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகள், நுளம்பு குருதி குடிக்கையில் அதனுடன் நுளம்பின் குடலுட் சென்று, அங்கு ஒட்டுண்ணி வளராது தடுக்கின்றன. இத்தடைநிர்ப்பீடனம் வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு உள்ளான நோயாளரிடம் இயற்கையாகவே தோன்றுதலைக் கமினி மெண்டிஸ், ரிச்சட் காட்டர் முதலியோர் இலங்கை நோயாளரைக் கொண்டு 1980 களில் ஆராய்ந்து வெளியிட்டனர். இந்நாட்டு ஆய்வாளர் உலக விஞ்ஞானத்துக்கு அளித்த பங்களிப்புகளுள் இது நினைவுகூரற்பாலது.

இவ்வகைத் தடுப்பூசி பெறுபவரை நேரே நோயினின்றும் காப்பதில்லை. அவரது அயலவரைக் காக்கும். ஊரிற் பெரும்பாலானோர் பெற்றால் அனைவருக்கும் காப்பு. ஒருவர் மாத்திரம் பெற்றால் அவருக்கு நன்மை இல்லை. தனிமனிதன் தன் பணத்தால் தனக்கு வாங்கும் பண்டமாக இதனை விற்றல் அரிது.

8. இலங்கையின் சான்று: 1934–35

நிர்ப்பீடனம் சமூக வரலாற்றுடன் எவ்வாறு பிணைந்துள்ளது என்பதற்கு நம் நாட்டின் 1934–35 கொள்ளைநோய் தெளிவான சான்று. 1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. ஓடும் நீரில் வாழாத அனோபிலிஸ் கியூலிசிபேசீஸ் நுளம்பின் குடம்பிகள் அக்குட்டைகளிற் பெருகின. கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளில் நோய் காட்டுத்தீயெனப் பரந்தது. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது.

உலர்வலய மக்கள் ஆண்டுதோறும் மலேரியாவுடன் வாழ்ந்தவர்கள். அவர்களைக் காட்டிலும், வழமையாக நோய் குறைந்திருந்த ஈரவலயத்தினரும் அதன் எல்லைப்புறத்தினருமே இக்கொள்ளைநோயிற் பெரிதும் அழிந்தனர். ஒட்டுண்ணியின் புரதங்களை அவர்களது உடல் முன்னர் சந்தித்திராமை ஒரு காரணம். ஆயின் அது மாத்திரம் அன்று. உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றின் விலை வீழ்ந்து, வேலையிழந்த குடும்பங்கள் பசியில் வாடிய காலம் அது. பிறபொருளெதிரியும் ஒரு புரதமே. பசித்த உடல் நோயின் தாக்குதலைத் தாங்கும் வலிமையை முன்னரே இழந்திருந்தது. சூரியமல் இயக்கத்தினர் கிராமம் கிராமமாகச் சென்று குயினைனுடன் அரிசியும் பருப்பும் வழங்கினர். என்.எம். பெரேராவை மக்கள் ‘பருப்பு மாத்தயா’ என அழைத்தமை அப்பணியின் நினைவாகும். மருத்துவரான எஸ்.ஏ. விக்கிரமசிங்கவும் அப்பணியில் ஈடுபட்டார். அவ்வியக்கத்தவர் பலர் சேர்ந்து 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தனர். குயினைனும் பருப்பும் ஒரே பையிற் சென்றமை, நோயின் இரு காரணங்களையும் அவர்கள் ஒருங்கே உணர்ந்திருந்தமையைக் காட்டுகின்றது.

9. தடுப்பூசியும் சந்தையும்

புரதம் பற்றிய அறிவு தடுப்பூசியாக மாறிய வரலாறும் சமூக உறவுகளுக்குப் புறம்பானதன்று. சி.எஸ்.பி. பற்றிய நியூயோர்க் ஆய்வு உலகச் சுகாதார தாபனத்தின் நிதியுதவியையும் பெற்றிருந்தது. 1983 அளவில், அதனைத் தடுப்பூசியாக வளர்க்க முன்வந்த ஜெனென்ரெக் என்னும் அமெரிக்க நிறுவனம் தனியுரிமை கோரியது. பொதுநிதியில் விளைந்த அறிவைத் தனியுரிமையாக்கத் தாபனம் உடன்படவில்லை. நிறுவனம் விலகிக்கொண்டது.

பின்னர், ஸ்மித்கிளைன் நிறுவனமும் அமெரிக்க இராணுவத்தின் வோல்ற்றர் றீட் ஆய்வு நிலையமும் இணைந்து முயன்றன. சி.எஸ்.பி.யின் திரும்ப வரும் பகுதியை ஈரலழற்சி பி வைரசின் மேற்பரப்புப் புரதத்துடன் இணைத்து, மதுவக் கலங்களில் உற்பத்தி செய்து, ஆர்.ரி.எஸ்.,எஸ் என்னும் தடுப்பூசியை 1987 அளவில் உருவாக்கின. 1997 இல் வெளியான ஆய்வொன்றில், நுளம்புக் கடிக்கு உட்படுத்தப்பட்ட தொண்டர் எழுவருள் அறுவர் காப்புப் பெற்றனர். 2009 முதல் 2014 வரை ஆபிரிக்க நாடுகள் ஏழில் 15,459 குழந்தைகளிடையே பரிசோதனை நிகழ்ந்தது. 5 முதல் 17 மாத வயதில் ஊசியேற்றத் தொடங்கி நான்கு தடவை பெற்றோரிடையே, நான்காண்டுக் காலத்தில் நோய் 36 சதவீதத்தாற் குறைந்தது. 2021 ஒக்ரோபரிலேயே உலகச் சுகாதார தாபனம் இதனைப் பரவலாகப் பயன்படுத்துமாறு விதந்துரைத்தது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் உருவாக்கி, இந்தியாவின் சீரம் நிறுவனம் உற்பத்தி செய்யும் ஆர்-21 என்னும் தடுப்பூசி 2023 ஒக்ரோபரில் விதந்துரைக்கப்பட்டது. பருவகாலத்தில் மாத்திரம் நோய் பரவும் இடங்களில் அது முதலாண்டில் ஏறத்தாழ 75 சதவீதக் காப்பளித்தது.

1987 முதல் 2021 வரை 34 ஆண்டுகள். இத்தாமதத்துக்கு ஒட்டுண்ணியின் சிக்கலான இயல்பு ஒரு காரணம் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. மேலே கூறிய புரதங்களின் வரலாறே அதற்குச் சான்று. ஆயினும், வாங்கும் வலிமையற்ற குழந்தைகளின் நோய்க்கு மருந்தாக்கச் சந்தை விரைவதில்லை என்பதும் உண்மை. 2023 இல் உலகில் மலேரியாவுக்கு உள்ளானோர் 26 கோடி 30 இலட்சம் எனவும், இறந்தோர் 5 இலட்சத்து 97 ஆயிரம் எனவும் தாபனம் மதிப்பிட்டது. இறந்தோருள் மிகப் பெரும்பாலார் ஆபிரிக்கர். அவர்களுள்ளும் முக்காற் பங்கினர் ஐந்து வயதுக்குட்பட்டோர். நிர்ப்பீடனத் தொகுப்பு நிறைவுறாத வயது அது.

10. முடிவுரை

இலங்கை இன்று மலேரியா அற்ற நாடு. உள்நாட்டிற் தொற்றிய இறுதி நோயாளி 2012 ஒக்ரோபரிற் காணப்பட்டார்; 2016 செப்ரெம்பரில் உலகச் சுகாதார தாபனம் சான்றளித்தது. இவ்வெற்றி தடுப்பூசியாலோ உடலின் எதிர்ப்பாலோ பெறப்பட்டதன்று. வீடு வீடாகச் சென்று குருதி எடுத்தோரும், மருந்து தெளித்தோரும், போர் நடைபெற்ற ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் பணியைக் கைவிடாத சுகாதார ஊழியரும் பெற்றுத் தந்த வெற்றி அது.

ஆயின் இவ்வெற்றி ஒரு புதிய நிலையையும் தோற்றுவித்துள்ளது. நம் பிள்ளைகளின் குருதியில், மேலே விவரித்த புரதங்களை அறிந்த பிறபொருளெதிரிகள் இல்லை. 1934 இல் ஈரவலய மக்கள் இருந்த நிலையில் இன்று நாடு முழுவதும் இருக்கின்றது. 1963 இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்ததும் விழிப்புத் தளர்ந்து, 1968–69 இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றதை நாம் மறத்தலாகாது. கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகவல்ல அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் நுளம்பு 2016 இன் இறுதியில் மன்னாரிற் கண்டுபிடிக்கப்பட்டது. வெளிநாடு சென்று மீள்வோர் வாயிலாக ஒட்டுண்ணி இன்றும் நாட்டுக்குள் வருகின்றது.

உடலில் இல்லாத காப்பைச் சமூகமே அளித்தல் வேண்டும். நுளம்பியல் ஆய்வாளரின் பதவி வெற்றிடமாய்க் கிடக்கும்போதும், கிராம மருத்துவமனையிற் குருதிப் பரிசோதனை நின்றுபோகும்போதும், நோயில்லையே, செலவு எதற்கு என்னும் குரல் எழும்போதும், நாம் இழப்பது ஒரு சமூகத்தின் நிர்ப்பீடனத்தையே. முன்னைய தலைமுறைகள் அக்காப்பைத் தம் பிள்ளைகளின் உயிரை வரியாகக் கொடுத்துப் பெற்றன. அதே காப்பைப் பொதுநிதியாற் பெறும் வாய்ப்பு இன்று நமக்கு உண்டு. இரண்டுள் மலிவானது எது என்பதைக் கணக்காளர் தீர்மானிக்க விடாது, மக்கள் தீர்மானித்தல் வேண்டும்.